மாட்டுக்கறி வறுவல்: ஆட்டுக்கான செய்முறை ஏன் ஒத்துவரவில்லை?

வாசகர் கேள்வி, 10 மே 2025, மாலை 6.40

செட்டிநாட்டு ஆட்டுக்கறி வறுவல் எனக்குக் கைவந்த சமையல். அதே செய்முறையில் மாட்டுக்கறியைப் போட்டு இரண்டு ஞாயிற்றுக்கிழமை செய்து பார்த்தேன். இரண்டு முறையும் கறி செருப்புத் தோல்போல இழுத்தது, மசாலா கசந்தது. குக்கரில் எட்டு விசில் விட்டும் பயனில்லை. இந்த மசாலா மாட்டுக்கறிக்கு ஒத்துவராது என்பது என் முடிவு. மாற்றுக் கருத்து உண்டா?

10 மே, இரவு 9.15

உண்டு. காரைக்குடியில் எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக இதே மசாலாவில்தான் மாட்டுக்கறி வறுக்கிறோம். உங்களிடம் இருப்பது இரண்டு தனித்தனிப் பிழைகள். இரண்டையும் ஒன்றாக்கி மசாலாவின் தலையில் போட்டுவிட்டீர்கள்.

முதலில் கசப்பு. அது கல்பாசி. எவ்வளவு போட்டீர்கள் என்று எழுதவில்லை, ஆனால் கை நிறைய அள்ளியிருப்பீர்கள் என்று சத்தியம் செய்வேன். என் அத்தா (அப்பா) மளிகைக் கடை வைத்திருந்தார். பத்து கிராம் கல்பாசியை நிறுத்தால் ஒரு பொட்டலம் நிறைந்து பிதுங்கும். அவ்வளவு லேசு. புதிதாகச் சமைக்க வந்தவர்கள் அந்தப் பொட்டலத்தைப் பார்த்து, "இவ்வளவு இருக்கிறதே" என்று பாதியைக் கொட்டிவிடுவார்கள். அது பாறையிலும் மரப்பட்டையிலும் படரும் பாசி, கறிவேப்பிலை இல்லை. ஒரு கிலோ கறிக்கு இரண்டு விரல் நுனியில் எடுக்கும் அளவு போதும். அதையும் வெறும் சட்டியில் வறுக்கக் கூடாது. பச்சையாக மோந்தால் ஒன்றுமே இராது, சூடான எண்ணெய் பட்டால்தான் மணம் எழும். வெறும் சட்டியில் மணம் வரட்டும் என்று காத்திருந்தால் வருவது புகைதான்.

அடுத்தது கறி. ஒரு வயது வெள்ளாட்டுக்கு எழுதிய செய்முறை அது. உங்கள் சட்டிக்கு வருகிற மாடு வேறு. தமிழ்நாட்டில் 1958ஆம் ஆண்டின் விலங்குகள் பாதுகாப்புச் சட்டப்படி, பத்து வயதைத் தாண்டி, வேலைக்கும் இனப்பெருக்கத்துக்கும் உதவாத மாட்டுக்கோ நிரந்தரமாக முடங்கிப்போன மாட்டுக்கோதான் அறுக்கச் சான்றிதழ் தருவார்கள். எருமைக்கும் அதே விதிதான். ஆக நீங்கள் வதக்குவது வண்டியிழுத்து ஓய்ந்த மாட்டின் காலை. அதன் தசைக்கு நடுவில் ஓடும் சவ்வும் நாரும் பத்து வருட உழைப்பில் முறுக்கேறியவை. அது இளக 70 டிகிரிக்கு மேலான சூடும் நெடு நேரமும் வேண்டும். இதில் ஒரு கோணல் உண்டு. முதல் அரை மணி நேரத்தில் கறி இளகாது, இன்னும் கெட்டிப்படும். தசை சுருங்கித் தன் நீரை வெளியே பிழிந்துவிடும். சவ்வு கரைந்து பசைபோல் ஆவது அதற்குப் பிறகு. நீங்கள் மிகக் கெட்டியான கட்டத்தில் அடுப்பை அணைத்துவிட்டு மசாலாவைத் திட்டுகிறீர்கள்.

எட்டு விசில் என்பது அளவே இல்லை. பெரிய தீயில் எட்டு விசில் பன்னிரண்டு நிமிடத்தில் வந்துவிடும். சின்னத் தீயில் முக்கால் மணி நேரம் ஆகும். கடிகாரத்தைப் பாருங்கள்.

10 மே, இரவு 10.05

அளவு கேட்கிறீர்கள். ஒரு கிலோவுக்கு: சின்ன வெங்காயம் 300 கிராம், பூண்டு பதினைந்து பல், வரமிளகாய் பன்னிரண்டு, சோம்பு ஒன்றரைத் தேக்கரண்டி, மிளகு மூன்று மேசைக்கரண்டி, பட்டை ஒரு விரல், அன்னாசிப்பூ ஒன்று, மராட்டி மொக்கு ஒன்று, கல்பாசி மேலே சொன்னபடி. நல்லெண்ணெய் 100 மில்லி. தக்காளி கிடையாது.

11 மே, காலை 6.20

மிளகு மூன்று *தேக்கரண்டி*. மேசைக்கரண்டி என்று எழுதியது தவறு. இரவில் படுத்த பிறகுதான் உறைத்தது. யாராவது அதற்குள் செய்துவிட்டிருந்தால் மோர் குடியுங்கள்.

11 மே, மாலை 5.30

எதிர்பார்த்தது வந்துவிட்டது. "செட்டிநாட்டில் ஏது மாட்டுக்கறி? செட்டியார் வீட்டுச் சமையலைக் கெடுக்காதீர்கள்" என்று ஒருவர்.

நகரத்தார், அதாவது செட்டியார்கள், வீடுகளில் மாட்டுக்கறி சமைப்பதில்லை. இதில் விவாதமே இல்லை. ஆனால் செட்டிநாடு என்பது சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பரவிக் கிடக்கும் ஒரு நிலப்பகுதி. அங்கே அரண்மனை போன்ற வீடுகளும் உண்டு, அந்த வீடுகளுக்குக் கல் சுமந்தவர்களின் தெருக்களும் உண்டு. பள்ளிவாசல் உண்டு, மாதா கோயில் உண்டு, சேரி உண்டு. எல்லோர் வீட்டிலும் அடுப்பு எரிந்தது. அன்னாசிப்பூ கீழ்த்திசைச் சரக்கு. செட்டியார்கள் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிற்கப் போன காலத்து வழிகளில் இப்படிப்பட்ட சரக்குகள் இங்கே புழங்கின. ஆனால் கடைத்தெருவுக்கு வந்த பிறகு காசு கொடுத்தவர்கள் எல்லோருமே வாங்கினார்கள். என் அத்தா தராசைப் பிடித்துக்கொண்டு, "இது எந்தக் கறிக்கு?" என்று யாரையும் கேட்டதில்லை.

உணவு விடுதிப் பலகையில் எழுதியிருப்பது மட்டும்தான் செட்டிநாட்டுச் சமையல் என்றால், அந்தப் பலகையில் பன்னீர் செட்டிநாடு என்றும் எழுதியிருக்கிறார்கள். அதை யார் வீட்டில் சமைத்தார்கள்?

11 மே, மாலை 5.50

பன்னீர் சாப்பிடுபவர்கள் கோபிக்க வேண்டாம்.

13 மே, பிற்பகல் 2.10

நான் மேலே கொஞ்சம் சூடாக எழுதியதால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எங்களுக்கு இந்த மசாலாவைத் திருத்திக் கொடுத்ததே ஒரு செட்டியார் வீட்டு ஆச்சிதான்.

செட்டிநாட்டு வீடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். முன்வாசல் ஒரு தெருவில் இருக்கும், பின்வாசல் அடுத்த தெருவில் திறக்கும். அப்படி ஒரு வீட்டின் பின்வாசல் எங்கள் வீட்டு வாசலுக்கு நேர் எதிரே. அதாவது அவர்களுடைய அடுப்படியும் எங்களுடைய திண்ணையும் எதிரெதிர். மாலையில் ஆச்சி பின்வாசல் படியில் உட்கார்ந்து வெற்றிலை மடிப்பார்கள். அம்மாவைத் "தங்கச்சி" என்றுதான் கூப்பிடுவார்கள். எங்கள் அடுப்பில் என்ன கறி என்று ஒரு நாளும் கேட்டதில்லை. தெரியாமல் இருந்திருக்க முடியாது. ஆனால் எண்ணெய் காய்ந்து மசாலா விழுந்ததும், படியில் இருந்தபடியே, "தங்கச்சி, கல்பாசி கருகுகிறது, சட்டியை இறக்கு" என்று குரல் வரும். அம்மா இறக்குவார். எனக்குப் பத்து வயது இருக்கும். புகைகூட எழுந்திருக்காது. தெருவுக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு எப்படித் தெரிந்தது என்று வாயைப் பிளப்பேன்.

ஆச்சி சொன்னவற்றில் நினைவிருப்பவை: வெங்காயத்தை அரைக்காதே, நீளவாக்கில் இரண்டாக வகிர்ந்து போடு. மிளகாயைப் போடும் நேரத்தில் மிளகைப் போடாதே, மிளகு கடைசியில், சட்டியை இறக்கும் முன். சோம்பில் பாதியை எண்ணெயில் போடு, மீதியைப் பச்சையாகப் பொடித்து மிளகோடு தூவு. இந்த மூன்றாவதை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. எண்ணெயில் பொரிந்த சோம்பு இனிக்கும், பச்சைச் சோம்பு வாயைக் குளிர்விக்கும். இரண்டும் சேர்ந்தால் மாட்டுக்கறியின் கனத்த வாடை அடங்கிவிடும்.

வறுவலை ஆச்சி தொட்டதில்லை. கொடுக்கவும் மாட்டோம். பெருநாளுக்கு எங்களிடமிருந்து பழத்தட்டு போகும், தீபாவளிக்கு அவர்களிடமிருந்து தேன்குழல் வரும்.

15 மே, காலை 7.45

பாக்கெட் மசாலா போடலாமா என்பவருக்கு: போடுங்கள், என்னிடம் சொல்லாதீர்கள்.

மராட்டி மொக்கு பெரிய ஜாதிக் கிராம்பா என்பவருக்கு: இல்லை. பார்க்க அப்படி இருக்கும். அது இலவ மரத்தின் காய்ந்த மொட்டு. கடுகும் மிளகும் கலந்தாற்போல் ஒரு வாடை. கிராம்பை அந்த அளவில் போட்டால் பல் வைத்தியர் வீட்டு வாசனை வரும்.

இரும்புச் சட்டி எங்கே வாங்குவது என்பவருக்கு: முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போகாதீர்கள். பழம்பொருள் கடைகளின் தெரு அது. போன வருடம் அங்கே ஒரு கடையில் என் நன்னி (பாட்டி) வைத்திருந்ததைப் போன்ற இரும்புச் சட்டி ஒன்றைப் பார்த்தேன். காதில் ஒரு வளையம் போயிருந்தது, உள்ளே துரு. கேட்ட விலையில் இரண்டு வாரத்துக்குக் கறி வாங்கலாம். நன்னி இறந்ததும் அவருடைய சட்டியைப் பழைய இரும்புக்குப் போட்டது நான்தான். கிலோக் கணக்கில். அன்றைய பணத்தில் நான்கு வாழைப்பழம் வாங்கினேனோ என்னவோ. பட்டறையில் புதிதாக அடித்து விற்கும் சட்டி போதும். இரண்டு நாள் அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றி வைத்து, பிறகு எண்ணெய் தடவிக் காய்ச்சிப் பழக்குங்கள்.

18 மே, இரவு 8.30

இன்று சோதனை. ஒரே கறி, முன்னங்கால் சப்பை, ஒன்றரைக் கிலோ. பாதியைக் குக்கரிலும் பாதியை மண்சட்டியிலும் வைத்தேன். இரண்டிலும் மஞ்சள், உப்பு, தட்டிய பூண்டு மட்டும். மசாலா இல்லை.

குக்கரில் அரை டம்ளர் தண்ணீர் போதும், கறி தன் நீரைத் தானே விடும். முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து 40 நிமிடம். பிறகு அணைத்துவிட்டு, மூடியைத் தொடாமல் ஆவி தானாக அடங்கும்வரை விட்டேன். குக்கருக்குள் சூடு சுமார் 120 டிகிரிக்குப் போகும், அதனால்தான் நேரம் மிச்சமாகிறது. மண்சட்டியில் தட்டுப் போட்டு, தட்டின் மேல் தண்ணீர் ஊற்றி, மூன்று மணி நேரம். மூன்று முறை வெந்நீர் சேர்த்தேன்.

பிறகு இரண்டையும் ஒரே அளவில், ஒரே மசாலாவில் தனித்தனியாக வறுத்து, எது எது என்று சொல்லாமல் வீட்டில் வைத்தேன். மகன் குக்கர் கறியை மண்சட்டி என்றான். மருமகள் இரண்டும் ஒன்று என்றாள். மனைவி மட்டும் மண்சட்டியைச் சரியாகக் காட்டினாள். எப்படிக் கண்டுபிடித்தாய் என்றால், "சட்டியைக் கழுவியது நான்தானே, எதில் எவ்வளவு ஒட்டியிருந்தது என்று தெரியாதா?" என்கிறாள்.

ஆகவே மண்சட்டிதான் சிறந்தது என்று முப்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்ததைத் திரும்பப் பெறுகிறேன்.

19 மே, காலை 8.10

திரும்பப் பெற்றதைப் பாதி திரும்பப் பெறுகிறேன். இன்று காலை மிச்சத்தைச் சூடாக்கித் தோசைக்குத் தொட்டுக்கொண்டபோது, குக்கர் கறி நார் நாராகப் பிரிந்துவிட்டது, மண்சட்டிக் கறி துண்டாகவே நின்றது. உடனே சாப்பிடுவதென்றால் குக்கர், மறுநாளைக்கு வைப்பதென்றால் மண்சட்டி. இதை விதி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரே ஒரு முறை செய்து பார்த்தது.

19 மே, காலை 8.25

குக்கரில் மிஞ்சும் சாற்றைக் கொட்டியவர் யார்? அதைத்தான் வறுவலில் ஊற்றிச் சுண்ட வைக்க வேண்டும். கரைந்த சவ்வெல்லாம் அதில்தான் இருக்கிறது. மசாலா கறியில் ஒட்டுவதும் வறுவல் பளபளப்பதும் அதனால்தான். எண்ணெயால் பளபளப்பு வரும் என்று நினைத்து இன்னும் நூறு மில்லி ஊற்றுவார்கள் சிலர்.

19 மே, பகல் 12.00

வறுக்கும் முறையை நான் எழுதவே இல்லை என்று இருவர் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். உண்மை.

நல்லெண்ணெய் காய்ந்ததும் பட்டை, அன்னாசிப்பூ, மராட்டி மொக்கு, பாதிச் சோம்பு. சோம்பு சிவக்கும் முன் கல்பாசி, அடுத்த நொடி வரமிளகாய், அதன் பின்னாலேயே வெங்காயம். கல்பாசிக்கும் வெங்காயத்துக்கும் நடுவில் மூச்சு விட நேரம் கிடையாது. வெங்காயம் விழுந்தால்தான் எண்ணெயின் சூடு தணியும், கல்பாசி பிழைக்கும். வெங்காயம் சுருண்டு ஓரம் சிவந்ததும் பூண்டு, கறிவேப்பிலை, பிறகு வெந்த கறி. ஒரு நிமிடம் புரட்டிவிட்டுச் சாற்றை மூன்று தவணையாக ஊற்றுங்கள். ஒவ்வொரு தவணையும் சுண்ட வேண்டும். முதலில் சலசலவென்று கொதிக்கும் ஓசை, பிறகு பொதபொதவென்று, கடைசியில் எண்ணெய் பிரிந்து சடசடவென்று பொரியும் ஓசை. அந்த மூன்றாவது ஓசை வந்ததும் மிளகும் பச்சைச் சோம்பும் பொடித்ததைத் தூவி இரண்டு புரட்டு, அவ்வளவுதான்.

தேங்காய்த் துண்டு போடலாமா என்று கேட்பவர் கேரளத்து உலர்த்தியதை நினைத்துக்கொண்டிருக்கிறார். அது தேங்காய் எண்ணெயும் மல்லியும் தேங்காய்க் கொத்தும் சேர்ந்த வேறு சமையல், அருமையான சமையல். அதைச் செய்தால் முழுதாக அதையே செய்யுங்கள்.

22 மே, மாலை 4.00

கத்தரி வெயில் வீணாகிறதே என்று உப்புக்கண்டம் போட்டேன். ஒரு கிலோ பின்தொடை, கொழுப்பு துளியும் இல்லாமல். கொழுப்பு இருந்தால் காறிவிடும். நார் ஓடும் திசையிலேயே விரல் கனத்துக்கு நீளமாக வகிர்ந்து, உப்பு, மஞ்சள், அரைத்த வரமிளகாய், பூண்டு தடவி, கோணி ஊசியால் சணல் கயிற்றில் கோத்து மாடியில் கட்டினேன். நன்னி "ஒரு கைப்பிடி உப்பு" என்பார். என் கைப்பிடியைத் தராசில் போட்டேன், 70 கிராம். நன்னியின் கை சின்னது.

காயக் காயக் கறி கறுத்து முறுக்கிக்கொள்ளும். இரவில் கீழே இறக்கிவிட வேண்டும், பனி படக் கூடாது. மேலே மெல்லிய துணி போர்த்த வேண்டும். நான்கு நாளில் தயார்.

24 மே, பகல் 1.15

துணி போர்த்த வேண்டும் என்று எழுதியவன் துணியைக் கட்ட மறந்துவிட்டேன். காற்றில் பறந்துவிட்டது. மூன்று காகங்கள் வரிசையாக உட்கார்ந்து கொத்துகின்றன. அவற்றுக்கு உப்பு அளவு பிடித்திருக்கிறது.

25 மே, இரவு 7.30

மிஞ்சியது கால் கிலோவுக்கும் குறைவு. வானம் வேறு இரண்டு நாளாக மூடிக்கிடக்கிறது. நடுவில் ஈரம் நிற்கிறதா என்று ஒரு துண்டைக் கிள்ளிப் பார்த்தேன், உள்ளே சிவப்பாக மெத்தென்று இருந்தது, லேசாகப் புளித்த வாடை. எல்லாவற்றையும் குப்பையில் போட்டேன். காயாத உப்புக்கண்டத்தில் துணிச்சல் காட்டக் கூடாது. "நான்கு நாள்" என்பதையும் அடித்துவிடுங்கள். வளைத்தால் குச்சிபோல் ஒடிய வேண்டும், அது எத்தனை நாளானாலும் சரி.

26 மே, காலை 9.40

இனி எழுதப்போவது இந்த இழையில் நான் எழுதியவற்றில் பாதியை மாற்றிவிடும்.

இன்று கறிக்கடையில் என் முறைக்காக நின்றிருந்தேன். கடைக்காரர் எனக்குத் தம்பி வயது. "அண்ணே, நீங்கள் கறியை எத்தனை மணிக்கு அடுப்பில் ஏற்றுகிறீர்கள்?" என்று கேட்டார். "வாங்கிப் போன உடனே. ஒன்பது மணிக்குள் குக்கரில் இருக்கும்" என்றேன், பெருமையாக. எங்கள் வீட்டில் அது ஒழுக்கம். விடியற்காலை அறுத்தது, காலையில் வாங்கியது, மதியம் இலையில். குளிர்பெட்டியில் வைத்த கறி என்றால் அத்தா கையை எடுத்துவிடுவார்.

கடைக்காரர் சிரித்தார். தொங்கிக்கொண்டிருந்த தொடையில் என் விரலை வைத்து அழுத்தச் சொன்னார். அழுத்தினேன். பலகை. உள்ளே போகவே இல்லை. பிறகு பெட்டியைத் திறந்து, நேற்றுக் காலை அறுத்ததில் தன் வீட்டுக்கென்று எடுத்து வைத்திருந்த துண்டைக் காட்டினார். அதில் விரல் பதிந்தது, குழி மெல்ல மேலே வந்தது. "எங்கள் வீட்டில் எப்போதும் மறுநாள் கறிதான் அண்ணே. வாடிக்கையாளரிடம் சொன்னால் பழைய கறியைத் தள்ளிவிடுகிறேன் என்பார்கள்" என்றார்.

வீட்டுக்கு வந்து படித்தேன். அறுத்த சில மணி நேரத்தில் தசை விறைத்துப் பூட்டிக்கொள்கிறது. மாட்டுக்கு அந்த விறைப்பு விட ஒரு நாளுக்கு மேல் ஆகும். அதன் பிறகு கறியிலேயே இருக்கும் நொதிகள் நாரை மெல்ல அறுத்துத் தளர்த்தும். அதாவது, நாங்கள் பெருமையாகச் சமைத்துக்கொண்டிருந்தது சரியாக அந்த விறைப்பு வேளையில். புதிது, புதிது என்று சொல்லிச் சொல்லிக் கறியை மிக மோசமான நேரத்தில் அடுப்பில் ஏற்றியிருக்கிறோம்.

கேள்வி கேட்டவரே, நீங்கள் எத்தனை மணிக்குச் சமைத்தீர்கள்?

26 மே, இரவு 9.00

ஒன்பதரை மணி என்கிறார்.

29 மே, மாலை 6.15

செய்து பார்த்தாயிற்று. ஒன்றே முக்கால் கிலோ, கழுவாமல் துணியால் ஒற்றி, மூடிய பாத்திரத்தில் குளிர்பெட்டியின் அடித்தட்டில் இரண்டு இரவு. அடியில் தேங்கிய சிவப்பு நீரைத் தினமும் வடித்தேன். எங்கள் ஊர் வெயிலில் வெளியே வைத்தால் அது வேறு கதையாகிவிடும். மின்சாரம் நெடுநேரம் போனாலும் யோசிக்காமல் எடுத்துச் சமைத்துவிடுங்கள்.

குக்கரில் 40 நிமிடம் என்று வைத்திருந்தேன், 28 நிமிடத்தில் வெந்துவிட்டது. நாற்பது வரை விட்டால் குழைந்துவிடும். முதல் பாதியை அப்படித்தான் குழைய விட்டேன், இரண்டாவது பாதியில்தான் விழித்துக்கொண்டேன்.

மண்சட்டி, குக்கர் என்று நான் செய்த சோதனையெல்லாம் இதற்கு முன்னால் சின்ன விஷயம்.

1 ஜூன், காலை 10.20

பப்பாளிக்காய் பற்றி ஏன் வாய் திறக்கவில்லை என்று ஒருவர் விடாமல் கேட்கிறார். வெட்கம்தான்.

2003இல் மாமனார் முதல் முறையாக எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். கறி மெத்தென்று இருக்க வேண்டும் என்று பப்பாளிக்காயை அரைத்து ஒரு கரண்டி தடவி இரவு முழுக்க வைத்தேன். காலையில் தொட்டபோதே மேல்பரப்பு கொழகொழத்தது. அடுப்பில் ஏற்றியதும் இன்னும் மோசம். பப்பாளிப் பாலில் உள்ள நொதி சூடு ஏற ஏற வேகமாக வேலை செய்யும், முழுச் சூடு வந்த பிறகுதான் சாகும். வறுவல் என்று எடுத்து வைத்தது கேழ்வரகுக் களிபோல் இருந்தது. மாமனார் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "மாப்பிள்ளை, இது நல்ல துவையல்" என்றார். இன்றுவரை எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் மாட்டுத் துவையல்.

போட்டே தீருவேன் என்றால் கிலோவுக்கு இரண்டு விரல் அகலத் தோல் துண்டு, ஒரு மணி நேரம். கறியை ஓய விட்டால் அதுவும் தேவையில்லை.

7 ஜூன், இரவு 10.30

இன்று பக்ரீத் பெருநாள். கூட்டுக் குர்பானியில் (பலர் சேர்ந்து கொடுக்கும் பலியில்) எங்களுக்கு ஒரு பங்கு. ஒரு மாட்டுக்கு ஏழு பங்கு. பங்கில் ஒரு பகுதி உறவினர்களுக்கு, ஒரு பகுதி இல்லாதவர்களுக்கு, மீதி வீட்டுக்கு.

ஈரல் வறுத்துச் சாப்பிட்டோம். வழக்கம்போல் மிளகும் சின்ன வெங்காயமும் மட்டும். வாயில் வைத்தபோதுதான் ஒன்று பிடிபட்டது. பெருநாளன்று ஏன் எப்போதும் ஈரல்? நன்னி காலத்திலிருந்து முதல் நாள் ஈரல், கறியில் கொஞ்சம் ஆணத்துக்கு (குழம்புக்கு), வறுவல் மட்டும் மறுநாள்தான். கேட்டால், "இன்றைக்குக் கறிக்குச் சூடு அதிகம், நாளைக்கு ஆகட்டும்" என்பார். உடம்புச் சூடு என்று நினைத்து நாங்கள் சிரித்திருக்கிறோம். ஈரலுக்கு விறைப்பு கிடையாது, உடனே வெந்துவிடும். நன்னியிடம் குளிர்பெட்டி இல்லை. கறியைப் பெரிய துண்டாகவே வைத்து, மஞ்சள் உப்புத் தடவி, ஒரு கொதி விட்டு இறக்கி, உறியில் தொங்கவிடுவார். அது கெடாமல் இருப்பதற்காக மட்டுமா, இல்லை வேறு கணக்கும் இருந்ததா?

8 ஜூன், காலை 7.00

இரவில் எழுதியதைப் படித்தேன். நன்னிக்குத் தசை விறைப்பு தெரியும் என்று நான் சொல்ல வரவில்லை. கொதிக்க வைத்த பிறகு நொதி வேலை செய்யாது, ஆகவே அந்த வழியில் கறி இளகியதற்குக் காரணம் மறுநாள் இரண்டாம் முறை வெந்ததுதான். பெருநாள் களைப்பில் பாட்டிக்கு விஞ்ஞானிப் பட்டம் கட்டிவிட்டேன். ஈரல் சங்கதி மட்டும் நிற்கும்.

9 ஜூன், பிற்பகல் 3.30

இரண்டு இரவு ஓய்ந்த பங்குக் கறியை இன்று வறுத்தேன். முப்பது நிமிடம், மூன்று தவணைச் சாறு. எதிர் வீட்டுப் பின்வாசல் இப்போது பூட்டிக் கிடக்கிறது. ஆச்சி போய்ப் பல வருடம் ஆகிறது, பிள்ளைகள் சென்னையில். கல்பாசியைப் போடும்போது மட்டும் நான் இன்னும் அந்தப் பக்கம் ஒரு முறை பார்த்துக்கொள்கிறேன். இன்று கருகவில்லை.

15 ஜூன், மாலை 5.45

கேள்வி கேட்டவர் இன்று செய்துவிட்டு எழுதியிருக்கிறார். கறியை ஒன்றரை நாள் ஓய விட்டாராம். கல்பாசி இரண்டு விரல் நுனி. மிளகு தேக்கரண்டி. வீட்டில் சட்டியை வழித்துவிட்டார்களாம். மசாலா ஒத்துவராது என்ற முடிவைக் கைவிடுகிறார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். கல்பாசியை இன்னும் கொஞ்சம் கூட்டலாமா என்று கேட்டிருக்கிறார். கூடாது. கடைசி வரியில், முப்பது நிமிடம் என்றால் சுமாராக எத்தனை விசில் வரும் என்றும் கேட்டிருக்கிறார்.